மதர்போர்டும் என் சனிக்கிழமைத் துணியும்

அன்புள்ள ஜெரால்ட்,

எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றும், பிரிக்ஃபீல்ட்ஸில் யாரோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன் என்னை ஏமாற்றுகிறான் என்றும் உன் சின்னம்மா மேருவிலிருந்து உனக்கு ஃபோன் செய்து சொன்னாளாம். மருமகள் நிர்மலா என்னிடம் சொன்னாள். இரண்டும் தவறு. எனக்கு எழுபத்து மூன்று வயது, கண்ணில் புரை எடுத்தாயிற்று, புத்தி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மதர்போர்டு வாங்க நான் மூன்று முறை கொமுட்டர் ரயிலேறிப் போய், ஒவ்வொரு முறையும் அரை நாள் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். ஏமாந்தவர் யாராவது உண்டென்றால் அது கடைக்காரர் சேகர்தான். அந்தக் கம்ப்யூட்டர் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காகவும் இல்லை. உன் டேடியின் நினைவாகவும் இல்லை. டேடி போர்ட் கிள்ளானில் லோரிக் கம்பெனி ஆபீஸில் முப்பது வருடம் இருந்தார் என்பதால், நான் லோரி ஓட்டும் கேம் விளையாடப் போகிறேன் என்றதும் நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண். ஆனால் காரணம் வேறு. ஒருவர் நாற்பது அடி கண்டெய்னரைப் பின்பக்கமாக நகர்த்திக் கிடங்கு வாசலில் ஒட்டி நிறுத்துவதை யூடியூபில் பார்த்தேன். என்னால் அது முடியுமா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு நகல் சின்னம்மாவுக்கும், இன்னொன்று சுபாங்கில் இருக்கும் மாமாவுக்கும் போகிறது. அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும். ஏனென்றால் நம் குடும்பத்தில் பத்தொன்பது வருடமாக ஒரு கதை உலவுகிறது. ஜெரால்ட் கைபட்டால் எந்தப் பொருளும் கெட்டுப்போகும் என்ற கதை. அதைப் பரப்பியவள் நான். அது உண்மையில்லை என்று போன மாதம்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. குழந்தைக்கு வாங்கிய கட்டில் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது என்று நிர்மலா சொன்னாள். பாகங்களைச் சேர்த்து நீயே பூட்டலாமே என்று அவள் கேட்டதற்கு, "என் கை ராசி தெரியாதா உனக்கு? அம்மாகிட்ட கேளு," என்றாயாம். அவள் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் கேட்டாள். ஃபோனில் பேச்சை மாற்றிவிட்டேன். இங்கே சொல்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டுமானால் முதலில் மதர்போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சேகர் கடை இரண்டாவது மாடியில். லிஃப்ட் இல்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை அவர் காத்திருந்து, "யாருக்கு ஆன்டி? பேரனுக்கா?" என்றார்.

"எனக்கு."

"உங்களுக்கா? என்ன கேம் விளையாடுவீங்க?"

"லோரி ஓட்டுற கேம்."

பக்கத்தில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு நடுவயது ஆள் திரும்பினார். "லைசன்ஸ் இருக்கா ஆன்டி?" என்றார். உங்ககிட்ட இருக்கா என்று கேட்டேன். "இருந்துச்சு. முடிஞ்சு போச்சு, இன்னும் ரினியூ பண்ணல," என்று சொல்லிவிட்டு மறுபடி கீபோர்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

சேகர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். "பட்ஜெட்லதான பாக்கிறீங்க? அப்ப கிராபிக்ஸ் கார்டுல காசைப் போடுங்க ஆன்டி. படம் நல்லா ஓடும். மதர்போர்டு ஏதாச்சும் ஒண்ணு போதும் லா."

என்னிடம் 'ஏதாச்சும் ஒண்ணு' என்று சொன்னவர்கள் யாரும் சுலபமாகத் தப்பியதில்லை, உனக்குத் தெரியும். "பிராசசர் எதுல உக்காருது?" என்று கேட்டேன். மதர்போர்டில் என்றார். ராம்? அதுவும் அதில்தான். கிராபிக்ஸ் கார்டு? அதுவும். "எல்லாம் அதுமேலதான் நிக்குதுன்னா, அது எப்படி ஏதாச்சும் ஒண்ணா இருக்க முடியும்?"

பேனாவைக் கீழே வைத்தார். "ஆன்டி டீச்சரா?"

"ஸ்டெனோ. கவர்மென்ட்ல."

"அதான்," என்றார்.

அன்றைக்கு அவர் மூன்று மதர்போர்டுகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்துக் காட்டினார். ஒன்றில் வண்ண விளக்குகள் ஓடின. மேலே கறுப்புக் கவசம் போல் என்னவோ இருந்தது. பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். அந்தக் கவசத்தை நகத்தால் தட்டினேன். பிளாஸ்டிக். இது எதற்கு என்றால், அழகுக்கு என்கிறார். இரண்டாவது மிகவும் மலிவு, எல்லாம் திறந்து கிடந்தது. மூன்றாவதில் விளக்கும் இல்லை, படமும் இல்லை. ஆனால் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் இரண்டு பக்கமும் கனமான அலுமினியக் கட்டிகள் இருந்தன. பவர் சப்ளையிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிராசசருக்கு ஏற்றபடி குறைத்துச் சீராக்கிக் கொடுக்கும் பாகங்கள் அவற்றுக்கு அடியில் இருக்கின்றனவாம். கேம் ஓடும்போது அவை கொதிக்குமாம். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடத்தான் அலுமினியம். மலிவான போர்டில் அது இல்லாததால் அதே பாகங்கள் வெறும் உடம்போடு வேகின்றன. ஒரு வருடம், இரண்டு வருடம் தாங்கும். கிள்ளானில் மத்தியானம் மூன்று மணிக்கு ஏர்கான் இல்லாத என் அறையில் எத்தனை நாள் தாங்கும் என்று சேகரால் சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றிலேயே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது.

மிச்சப் பாதிக்கு இன்னும் இரண்டு முறை போனேன். இதையெல்லாம் தெரிந்துகொள்வதில் இத்தனை சுகம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நீ சொல்ல முயன்றிருப்பாய், நான் கேட்டிருக்க மாட்டேன். ஸ்டியரிங், பெடல், கீபோர்டு, மவுஸ், ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் எண்ணி, பின்னால் அத்தனை துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ராம் போட நான்கு இடம் இருந்தால் நல்லது, எனக்கு இரண்டு போதும் என்று முடிவு செய்தேன். பெட்டி கடைக்கு எப்போது வந்தது என்று கேட்டேன். ரொம்ப நாள் அலமாரியில் இருந்த போர்டுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாமல் போகலாமாம். அப்போது அதன் உள்ளே இருக்கும் புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கென்று பின்னால் ஒரு பொத்தான் இருக்கும் போர்டாக வாங்கினால், பிராசசரே இல்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். இதை யார் யோசித்து வைத்தார்கள் என்று ரயிலில் திரும்பி வரும்போதெல்லாம் வியந்துகொண்டு வந்தேன். உன் சின்னம்மாவின் மருமகன் இன்டர்நெட்டில் பாதி விலைக்குப் பழைய போர்டு பார்த்து வைத்திருந்தான். வேண்டாம் என்றேன். யார் வீட்டில் எப்படி இருந்ததோ, தெரியாது. அப்படி மறுத்ததால்தான் எனக்குப் புத்தி தடுமாறிய செய்தி கிளம்பியது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது நாள் வாரண்டி அட்டையைக் கையில் வாங்கிப் படித்தேன். மூன்று வருடம். எதற்கெல்லாம் வாரண்டி உண்டு என்று எல்லாக் கடைக்காரர்களும் தாங்களாகவே சொல்வார்கள். எதற்கெல்லாம் கிடையாது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

"தண்ணி பட்டா கிடையாது. இடி விழுந்தா கிடையாது. அப்புறம் பின் வளைஞ்சா கிடையாது."

"பின் வளைஞ்சான்னா?"

அவர் பெட்டியைத் திறந்து, போர்டை வெளியே எடுத்து, சாக்கெட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். உள்ளே தபால்தலையைக் காட்டிலும் சற்றுப் பெரிய சதுரம். அதில் மயிரைவிட மெல்லியதாக நூற்றுக்கணக்கான பின்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே உயரத்தில், ஒன்றுகூட வரிசை தப்பாமல் நின்றன. கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த தையலில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு பொட்டுத் தூசி தெரிந்தது. என் கை தானாகப் பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது.

சேகர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஆன்டி, தொடாதீங்க. துணிய மட்டும் கிட்ட கொண்டு வராதீங்க. ஒரு நூல் மாட்டினா போதும், இழுக்கும்போது நாலு பின் வளைஞ்சிரும். அவ்வளவுதான், போர்டு போச்சு. வர்ற பசங்க எல்லாம் நான் ஒண்ணுமே பண்ணல பாஸ்னு சத்தியம் பண்ணுவாங்க. பாதி கேஸ்ல வீட்ல அம்மாதான் தூசி தட்டியிருப்பாங்க." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் நாற்காலியைத் தேடினேன்.

அந்தச் சனிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்பிஎம் பரீட்சை முடிந்த விடுமுறை. மேருவில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் பெட்டி தூக்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து, சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாய். பிற்பகலில் ஜெபக் கூட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், பன்னிரண்டு மணிக்குள் மேசை காலியாக வேண்டும் என்று காலையிலிருந்து நான் விரட்டிக்கொண்டிருந்தேன். பிராசசரின்மேல் தடவும் பசை வாங்க நீ சைக்கிளில் கடைக்கு ஓடினாய். மதர்போர்டு மேசைமேல் இருந்தது, சாக்கெட்டின் மூடி திறந்திருந்தது. சனிக்கிழமை எனக்குத் தூசி துடைக்கும் நாள். டேடியின் பழைய பனியன் துணியோடு அலமாரி, ரேடியோ, நாற்காலிக் கால் என்று வந்தவள், மேசையையும் துடைத்தேன். போர்டையும் துடைத்தேன். அழுக்காக இருப்பதை விட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. துணி ஓரிடத்தில் சிக்கியது. இழுத்தேன், வந்துவிட்டது. ஒரு நூல் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது. அதையும் விரலால் பிடுங்கினேன். குனிந்து பார்த்தபோது சில பின்கள் மற்றவற்றோடு சேராமல் நின்றன. எதிர்வீட்டுத் திரைச்சீலை கோணலாக இருந்தால் என் வீட்டிலிருந்தே சொல்கிறவள் நான். என் கண்ணுக்கு அது தப்பவில்லை. இத்தனை சின்ன விஷயம் என்ன செய்துவிடும் என்று நினைத்து, துணியை உதறிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

நீ வேர்த்து விறுவிறுத்து வந்து, பிராசசரை வைத்து, பக்கத்துக் கம்பியை அழுத்திப் பூட்டினாய். உடைவதுபோல் ஒரு கரகர சத்தம் வந்தது. "மா, இந்தச் சத்தம் சரியா?" என்று கத்தினாய். எனக்கென்ன தெரியும், சீக்கிரம் மேசையைக் காலி பண்ணு என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன். கம்ப்யூட்டர் உயிர் பெறவே இல்லை. திங்கட்கிழமை கடைக்கு எடுத்துப் போனாய். பின் வளைந்திருக்கிறது, போட்டவர் சரியாகப் போடவில்லை, வாரண்டி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீ வந்து வாசல் கேட்டைக்கூட மூடாமல் நின்று, "அந்தச் சத்தம் வந்தப்பவே தெரிஞ்சுச்சு மா. நான்தான் உடைச்சிட்டேன்," என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அவசரம். எதையும் நிதானமா செய்ய உனக்கு வராது," என்றேன்.

எனக்கு அன்றைக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். சரியாகவே பதில் சொல்கிறேன். தெரியாது, ஆனால் சந்தேகம் இருந்தது. அந்தக் கடைக்குப் போய், துணி பட்டால் பின் வளையுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இப்போது ஒரு போர்டுக்கு மூன்று நாள் கேள்வி கேட்டவள், அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம்தான் காரணம். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபப்பட்டது, புறம் பேசியது என்று வருடா வருடம் ஒப்பித்தேன். இதைச் சொன்னதில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சின்னம்மா வீட்டில் ஃபேன் நின்றுபோனபோது, "ஜெரால்ட் கைய வெச்சியா?" என்று முதலில் கேட்டவள் நான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நான் சொல்லவே தேவையில்லாமல் போனது. மாமா தன் காருக்குக் கிட்டே உன்னை விடமாட்டேன் என்பார், அவர் பிள்ளைகள் ரிமோட்டை ஒளித்து வைப்பார்கள். படிப்புக்கு விண்ணப்பம் எழுதும்போது எலெக்ட்ரானிக்ஸ் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அக்கவுன்ட்ஸ் என்று எழுதினாய். அந்தத் தாளை நான்தான் தபாலில் போட்டேன். அடித்த எழுத்தைப் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்தால் நீ இன்னும் நன்றாக இருந்திருப்பாய் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. பேங்கில் நல்ல பெயரோடு இருக்கிறாய், எனக்கும் பெருமைதான். ஆனால் நீயாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டிய ஒன்றை, என் துணியும் என் வாயும் சேர்ந்து தேர்ந்தெடுத்தன.

சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீழேயிருந்து தே தாரிக் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் மகன் இப்போது கம்ப்யூட்டர் பக்கம் போவாரா என்று கேட்டார். "பல்பு மாத்தவே ஆள் கூப்பிடுவான்," என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. போர்டை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே பிராசசரைப் போடுங்க ஆன்டி," என்றார். சொன்னபடி செய்தேன். ஓரத்தை மட்டும் பிடித்து, அதன் முக்கோணக் குறியைச் சாக்கெட்டில் இருக்கும் குறியோடு சேர்த்து, அழுத்தாமல் அப்படியே வைத்தேன். பிறகு கம்பியைக் கீழே தள்ளினேன். அதே சத்தம். உடைவதுபோல் அதே கரகர. கையை எடுத்துவிட்டேன்.

"பயப்படாதீங்க. எல்லாருக்கும் அந்தச் சத்தம் வரும். எனக்கும் வரும், தினம் பத்து தடவை போடுறேன்."

"பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின மாடல்லயும் வருமா?"

"வரும். அப்ப இன்னும் முரட்டுத்தனமா வரும்."

ஜெரால்ட், இதை இரண்டு முறை படி. அந்தச் சத்தம் எல்லாருக்கும் வரும். நீ எதையும் உடைக்கவில்லை. நீ கம்பியைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்தப் போர்டு போய்விட்டது.

இதை எழுதுமுன் சின்னம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஏன்க்கா, பத்தொன்பது வருஷத்துக் கதைய இப்ப எதுக்குக் கிளறுற? அவனே மறந்திருப்பான்," என்றாள்.

"மறந்திருந்தா கட்டில் பெட்டியப் பிரிச்சிருப்பான்."

"எல்லாம் ஜோக்குக்குத்தானே சொன்னோம்."

"ஜோக்க ஆரம்பிச்சவ நான். நிறுத்துறதும் நான்தான். இனிமே உன் வீட்ல யாரும் சொல்லக்கூடாது."

அவள் விடவில்லை. "அப்ப அந்த ஃபேன் எப்படி நின்னுச்சு?" என்றாள். அது தானாக நின்றது என்றேன். அன்றைக்கே அந்த ஃபேனுக்கு வயது பன்னிரண்டு.

கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. போர்டும் சூடாகவில்லை, தினமும் பக்கவாட்டில் கைவைத்துப் பார்க்கிறேன். கண்டெய்னரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது மூளைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. கிடங்கின் கேட்டை இதுவரை ஒன்பது முறை இடித்திருக்கிறேன். இடிப்பதில் வெட்கம் இல்லை என்று எனக்கு எழுபத்து மூன்று வயதில் தெரிகிறது. உனக்குப் பதினேழு வயதில் அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். உன் பிள்ளை நாளைக்கு எதையாவது உடைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்கும். அப்போது எப்படி நடந்தது என்று கேள். பதிலைக் கடைசிவரை கேட்டுவிட்டு அப்புறம் பேசு. அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் இந்த ஒன்றைத் தவறாகச் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கட்டிலை நீயேதான் பூட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆள் வைத்தே பூட்டு, அதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் கை ராசி என்று மட்டும் நிர்மலாவிடம் இனிச் சொல்லாதே, குழந்தையிடம் ஒருநாளும் சொல்லாதே. நீ மன்னிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தவும் மாட்டேன். கோபம் வந்தால் வரட்டும், வர வேண்டியதுதான். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. நீ அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்டாயா? அப்புறம், பெட்டி தூக்கிச் சேர்த்து வாங்கினாயே, அந்தக் கம்ப்யூட்டர் ஓடியிருந்தால் அதில் என்ன செய்வதாக இருந்தாய்? நான் உன்னிடம் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீ முதல் நிமிடத்திலேயே "பரவால்ல மா, விடு" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பாய். நானும் சாப்பிட்டதைச் சொல்வேன். இரண்டு கேள்விக்கும் உட்கார்ந்து யோசித்து, தாளில் எழுதி, கிள்ளான் வீட்டுக்குத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா